அரசுப் பயிற்சியை வைத்துப் பாரம்பரியத் தொழில் கற்க முடியுமா?

டிகிரி முடித்துவிட்டு நெல்லைப் பக்கம் ஒரு பாரம்பரியத் தொழிலைக் கற்க ஆசை, அரசுப் பயிற்சித் திட்டங்கள் கைகொடுக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். கொடுக்கும். ஆனால் முதலில் கற்றுத்தரும் ஆளைத் தேடுங்கள், திட்டத்தை அப்புறம் பார்க்கலாம்.

எனக்குச் சொந்த ஊர் பத்தமடை. எங்கள் வீட்டில் பாய் நெய்வார்கள். பார்க்க வருபவர்கள் தறி முன்னால்தான் நிற்பார்கள். பாயின் தரமோ அதற்கு முன்பே முடிவாகிவிடும். கோரைப் புல்லைப் பச்சையாகவே கீறிக் காயவைத்து, ஓடும் தண்ணீரில் ஒரு வாரம்போல ஊறப்போட்டு, மறுபடி காயவைத்த பிறகுதான் தறிக்கே வரும். பட்டுப்பாய் என்கிற மெல்லிய பாய்க்கு நூல் மாதிரிக் கீற வேண்டும். "கீற வந்துட்டா நெய்யத் தானா வரும்" என்பார் என் சாச்சி (சித்தி). அந்தக் கைப்பழக்கம் மாதக்கணக்கில் பக்கத்தில் உட்கார்ந்தால்தான் வருகிறது. சில நாள், சில வாரப் பயிற்சியில் அறிமுகமும் சான்றிதழும் கிடைக்கும். அதை வாசலாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.

2025-இல் தமிழக அரசு தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்தில் 25 தொழில்கள் உண்டு, பாய் பின்னுவதும் சேர்த்து. 3 லட்சம் ரூபாய் வரை கடன். அதில் 25 சதவீதம், அதிகபட்சம் 50,000 ரூபாய், மானியம். வட்டியிலும் 5 சதவீதச் சலுகை. ஆனால் 35 வயது நிறைந்திருக்க வேண்டும். உங்களுக்குக் கிடைக்காவிட்டாலும் உங்களுக்குக் கற்றுத்தருபவருக்குக் கிடைக்கலாம். எங்கள் ஊர்ப் பெண்கள் பலருக்கு இணையத்தில் விண்ணப்பம் போடுவதுதான் மலைப்பு. அந்த வேலையை நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். அவர் இன்னொரு தறி போட்டால் அதில் உட்கார உங்களுக்கும் இடம் இருக்கும்.

கைத்தொழில்தான் என்றில்லை. ஆதிச்சநல்லூர், சிவகளை, கொற்கை எல்லாம் பக்கத்தில் இருக்க, அகழாய்விலும் கல்வெட்டிலும் நாட்டம் இருந்தால் முதுகலை முடித்துவிட்டுத் தமிழ்நாடு தொல்லியல் துறையின் இரண்டாண்டு பட்டயப் படிப்புக்கு முயலலாம், உதவித்தொகையும் உண்டு. நாதஸ்வரம், தவில், தேவாரம் என்றால் மாவட்ட அரசு இசைப்பள்ளியில் மூன்றாண்டுப் படிப்பு இருக்கிறது. இரண்டும் வித்தை உள்ளே இறங்கப் போதுமான காலம், தயங்காமல் சேருங்கள்.

பாய்தான் என்று முடிவெடுத்தால் மாவட்டத் தொழில் மையத்தில் விசாரியுங்கள். பயிற்சி அறிவிப்பு ஏதாவது கண்ணில் பட்டால், பாடம் எடுப்பவர் இன்றைக்கும் நெய்கிறவரா, பயிற்சி முடிந்த பிறகும் அவர் தறியில் தொடர விடுவாரா என்று கேட்டுவிட்டுப் பெயர் கொடுங்கள்.