ஹைகோக்கி டூப்ளிகேட்டா?

கேள்வி: என் பழைய ஹிட்டாச்சி டிரில்லிங் மெஷின் போய்விட்டது. அதே கம்பெனி கேட்டால் கிருஷ்ணகிரி கடையில் 'ஹைகோக்கி' தருகிறார்கள். டூப்ளிகேட்டா?
– மர ஆசாரி ஒருவர், ஊத்தங்கரை

பதில்: இல்லைங்க, பில்லோடு தைரியமாக வாங்குங்கள். ஹிட்டாச்சி குழுமம் தன் கருவிப் பிரிவான ஹிட்டாச்சி கோக்கியை 2017-ல் கேகேஆர் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு விற்றுவிட்டது, அதனால்தான் 2018-ல் பெயரை ஹைகோக்கி என்று மாற்றினார்கள், மற்றபடி அதே ஜப்பான் கம்பெனிதான். கார்பன் பிரஷ் (மோட்டாருக்குள் தேய்ந்துபோகும் சின்னக் கரித்துண்டு) வாங்கப் போனால் தேய்ந்ததைக் கையோடு கொண்டுபோய் அளவு பாருங்கள். அப்புறம், வேறு கம்பெனி மெஷின் பார்ப்பதாக இருந்தால், டிவால்ட், ஸ்டான்லி, பிளாக் அண்ட் டெக்கர் மூன்றும் ஒரே நிறுவனத்தின் பிராண்டுகள். ஆனாலும் டிவால்ட் பேட்டரி பிளாக் அண்ட் டெக்கர் மெஷினில் அப்படியே பொருந்தாது, மாட்டிப் பார்க்காமல் காசு கொடுக்காதீர்கள்.