வரலாறு படிக்காத நான் அருங்காட்சியகத்தில் பழம்பொருள்களைப் பதிவு செய்யும் தன்னார்வ வேலைக்குப் போகலாமா?

தாராளமாகப் போங்கள். நானும் வரலாறு படித்தவள் இல்லை, வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். கன்னியாகுமரி மாவட்டம் தக்கலைப் பக்கம் ஒரு பழைய ஓட்டு வீட்டில் நடக்கிற சிறிய காட்சியகத்துக்கு இரண்டு வருடமாகச் சனிக்கிழமைதோறும் போய்க்கொண்டிருக்கிறேன்.

பொருளை அளந்து, எடை போட்டு, அளவுகோலைப் பக்கத்தில் வைத்துப் படம் எடுத்து, எங்கே விரிசல் எங்கே துரு, யார் கொடுத்தது, எந்த அலமாரியில் இருக்கிறது என்றெல்லாம் பதிவேட்டில் ஏற்றுவதுதான் வேலை. 2024.6.3 என்று எண் போட்டால் 2024இல் வந்த ஆறாவது வரவில் மூன்றாவது பொருள் என்று அர்த்தம். அந்த எண்ணைப் பொருள்மேல் நேரடியாக எழுதக்கூடாது, பிறகு அழிக்க முடிகிற மெல்லிய பூச்சு ஒன்றைத் தடவி அதன்மேல்தான் மையால் எழுத வேண்டும். துணி என்றால் பருத்தி நாடாவில் எழுதித் தைத்துவிடுவோம். இதெல்லாம் இரண்டு வாரத்தில் கைக்கு வந்துவிடும்.

கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. நான் சேர்ந்த முதல் மாதம் ஒரு மண்கலயம் வந்தது, உள்பக்கம் முழுக்க வெள்ளையாகப் படிந்திருந்தது. அழுக்கு என்று நினைத்து ஈரத்துணியை எடுத்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெண், பனைத்தொழில் செய்த குடும்பம், "ஐயோ, தேய்க்காதீங்கக்கா, அது சுண்ணாம்பு" என்று கையைப் பிடித்துவிட்டாள். அக்கானி, அதாவது பதநீர், மரத்திலேயே புளித்துவிடாமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவிக் கட்டுவார்கள் அல்லவா, அதுதான் அது. துடைத்திருந்தால் அது பதிவேட்டில் "மண்பானை, சிறியது" என்று மட்டும்தான் இருந்திருக்கும், பனையேறியின் கலயம் என்பதற்கு இருந்த ஒரே அடையாளமும் போயிருக்கும். அன்றிலிருந்து எதையும் கேட்காமல் துடைப்பதில்லை. பித்தளையைப் புளி போட்டு விளக்கவே கூடாது, யார் சொன்னாலும்.

இன்னொன்று, வரிசை வரிசையாகச் சின்னக் குழிகள் வெட்டிய ஒரு மரப்பலகை. "விளையாட்டுப் பலகையாக இருக்கலாம்" என்று யாரோ எழுதி வைத்திருந்தார்கள். அதைக் கொடுத்த வீட்டுப் பெரியவர் ஒருநாள் வந்து பார்த்துவிட்டு, சக்கரம் எண்ணுகிற பலகை என்றார். திருவிதாங்கூர் வெள்ளிச் சக்கரம் மிகச் சின்ன நாணயம், விரலால் எண்ணி மாளாது. பலகையில் கொட்டி அசைத்தால் குழிக்கு ஒன்றாக உட்கார்ந்துவிடும், மீதியைத் தள்ளிவிட்டால் கணக்கு முடிந்தது. 16 காசு ஒரு சக்கரம், 28 சக்கரம் ஒரு ரூபாய் என்று கடகடவென்று சொன்னார். சக்கரமும் காசும் கையில் புழங்கிய தலைமுறை இப்போது எண்பதைத் தாண்டிவிட்டது, அதனால்தான் எனக்கு இந்த வேலையில் இவ்வளவு அவசரம்.

பழைய பத்திரங்கள் வந்தால் ஒரு விஷயத்தில் கவனம் வேண்டும். நம் மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும் பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்ததால் பெரும்பாலும் அங்கே வழங்கிய கொல்லம் ஆண்டுக் கணக்குதான் போட்டிருக்கும். அதை ஆங்கில ஆண்டாக மாற்ற எல்லாரும் 825ஐக் கூட்டிவிடுகிறார்கள். ஆனால் கொல்லம் புத்தாண்டு ஆவணியில் பிறக்கிறது, ஆவணி முதல் டிசம்பர் கடைசி வரை உள்ள தேதிக்கு 824தான் கூட்ட வேண்டும். 1123 ஆவணி என்றால் 1947 ஆகஸ்ட். இதைத் தப்பாகப் போட்ட பத்திரங்களை மட்டுமே திருத்த எனக்கு ஒரு மழைக்காலம் முழுக்கப் போனது.

சரி, நீங்கள் போகும்போது வீட்டில் பாட்டாவோ பாட்டியோ இருந்தால் ஒரு தடவை கூட்டிக்கொண்டு போங்கள். நாற்காலி போட்டு உட்காரவைத்து, பெயர் தெரியாத பொருள்களை ஒவ்வொன்றாகக் காட்டி, அவர்கள் சொல்வதை அந்த வாய்ச்சொல்லிலேயே எழுதிக்கொள்ளுங்கள். எங்கள் பதிவேட்டில் 'ஊர்ப் பெயர்' என்று ஒரு கட்டம் உண்டு, அது இன்னும் முக்கால்வாசி காலியாகத்தான் கிடக்கிறது.