99 சதவீதத்தை முன்னால் வைக்காதீர்கள்

வணக்கம் ஐயா,

தருமபுரியில் எம்.எஸ்சி. இயற்பியல் படிக்கிறேன். புராஜெக்டுக்காக ஈர்ப்பு அலைகளைப் பிடிக்கும் அமெரிக்க ஆய்வகமான லைகோவின் பொதுத் தரவை இறக்கி, ஒரு வினாடித் துண்டுகளாக நறுக்கி, பாதித் துண்டுகளில் கருந்துளை மோதலின் போலி அலையைச் சேர்த்து, ஒரு சிஎன்என் (வடிவங்களை இனம்காணும் நியூரல் நெட்வொர்க்) பயிற்றுவித்தேன். எந்தத் துண்டில் அலை இருக்கிறது என்று 99 சதவீதம் சரியாகச் சொல்கிறது. இதை வைத்து பிஎச்.டி.க்கு விண்ணப்பிக்கலாமா? இந்தத் துறையில் பிழைப்பு உண்டா?

பூங்கொடி, பாலக்கோடு

அன்புள்ள பூங்கொடி,

தாராளமாக விண்ணப்பியுங்கள். ஆனால் அந்த 99-ஐ முன்னால் வைத்தால் நேர்காணலில் முதல் அடியே அதன்மேல்தான் விழும்.

ஒரு நாளுக்கு 86,400 வினாடி. அலையில்லாத துண்டுகளில் நூற்றுக்கு ஒன்றை உங்கள் சிஎன்என் அலை என்று சொன்னால், தினம் 864 பொய் அலாரம். நிஜ மோதலோ சில நாளைக்கு ஒன்றுதான் சிக்குகிறது. பாதிக்குப் பாதி சொத்தைத் தக்காளி கலந்த கூடையில் பழகியவரை, லோடுக்கு ஒரு சொத்தை வரும் மண்டியில் உட்கார வைத்தது போல.

கேட்க வேண்டியது இது: மாதத்துக்கு ஒரு பொய் அலாரம் என்று வரம்பு வைத்தால், எவ்வளவு மெலிந்த அலைவரை பிடிக்கிறது? அதற்கு லைகோவின் இரண்டு கருவிகளான ஹான்ஃபோர்ட், லிவிங்ஸ்டன் இரண்டின் தரவும் வேண்டும். இரண்டுக்கும் இடையே ஒளி போக 10 மில்லிவினாடி. ஒன்றின் தரவை 0.1 வினாடி தள்ளி வைத்தால், அதன்பின் ஒத்துப்போவது எதுவும் நிஜ அலையாக இருக்க முடியாது. இப்படித் தள்ளித் தள்ளியே, முதன்முதலில் பிடிபட்ட 2015 செப்டம்பர் 14 அலைக்கு, 16 நாள் தரவிலிருந்து '2,03,000 ஆண்டுக்கு ஒன்றுக்கும் குறைவு' என்ற பொய் அலாரக் கணக்கை எடுத்தார்கள்.

99 எங்கிருந்து வந்தது என்றும் சோதியுங்கள். துண்டுகளைக் குலுக்கிப் பிரித்திருந்தால், ஒரே நிமிடத்தின் இரைச்சல் பயிற்சியிலும் தேர்விலும் இருக்கும், நாள்வாரியாகப் பிரியுங்கள். போலி அலையை ஒயிட்டனிங்குக்கு (எல்லா அதிர்வெண்ணிலும் இரைச்சலைச் சமமாக்குவதற்கு) முன்பே சேருங்கள். பின்னால் சேர்த்தால் நிஜ அலை வரும் வடிவமே சிஎன்என்னுக்குத் தெரியாது. எட்டு வினாடி எடுத்து ஒயிட்டன் செய்து, நடு ஒரு வினாடியை மட்டும் வையுங்கள். ஓரங்களில் ஃபில்டரின் அதிர்வு ஒட்டியிருக்கும். நம் கிணற்று மோட்டார் 50 ஹெர்ட்ஸில் உறுமும், அமெரிக்க மின்சாரம் 60-இல். ஒயிட்டன் செய்த பிறகும் 60-இல் ஊசி நின்றால் உங்கள் பிஎஸ்டி (எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு இரைச்சல் என்ற கணக்கு) தப்பு.

பெரிய வில்லன் பிளிப் கிளிட்ச் என்ற திடீர் இரைச்சல். சில மில்லிவினாடியில் முடியும். கனத்த கருந்துளை மோதல் போலவே தெரியும். லைகோ இரைச்சல்களைப் பொதுமக்கள் இனம் பிரிக்கும் கிராவிட்டி ஸ்பை திட்டத்தில் தன்னார்வலர்கள் வகை பிரித்த பிளிப்புகளை 'அலை இல்லை' பக்கம் சேர்த்து மறுபடி பயிற்றுவியுங்கள். மதிப்பெண் சரியும். சரியட்டும்.

பிழைப்பு? ஆய்வு வேலைகள் குறைவு. புனே ஐயூகா, பெங்களூரு ஐசிடிஎஸ், சென்னை சிஎம்ஐ ஆகியவற்றில் குழுக்கள் உண்டு. மகாராஷ்டிராவின் ஹிங்கோலியில் அமையும் லைகோ இந்தியாவுக்கு 2023-இல் மத்திய அமைச்சரவை ஒப்புதல் தந்தது. ஆய்வு வேலை கைகூடாவிட்டாலும், ஓசூர் ஆலைகளில் கியர்பாக்ஸ் அதிர்வை அலசுவதற்கும் இதே ஸ்பெக்ட்ரம்தான். பொய் அலாரத்தால் லைன் நின்றுபோனால் என்ன ஆகும் என்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அறிக்கையின் முதல் படமாகப் பொய் அலார வீதத்துக்கு எதிரான பிடிப்பு வரைபடத்தைப் போடுங்கள். 99-ஐ பின்னிணைப்புக்குத் தள்ளுங்கள்.