முதல் முறை நிதிநல்கைக்கு விண்ணப்பிக்கும் கலைஞருக்கு உண்மையிலேயே வாய்ப்பு உண்டா?

உண்டு. முன்பு எந்த நல்கையும் பெற்றதில்லை என்பதற்காகவே எவரும் தள்ளப்படுவதில்லை. ஆனால் முதல் விண்ணப்பத்திலேயே கிடைத்துவிடும் என்று நம்பிக் கடன் வாங்கிவிடாதீர்கள்.

ஒன்றியப் பண்பாட்டு அமைச்சகம் தனிக் கலைஞர்களுக்கு வழங்கும் உதவித்தொகை, ஃபெலோஷிப் திட்டங்கள் வயதை வைத்தே பிரிக்கப்பட்டுள்ளன. 18 முதல் 25 வயது வரை உள்ள இளம் கலைஞர்களுக்கு மாதம் 5,000 ரூபாய் உதவித்தொகையும், 25 முதல் 40 வயது வரை உள்ளவர்களுக்கு மாதம் 10,000 ரூபாய் ஜூனியர் ஃபெலோஷிப் என்னும் ஆய்வு நல்கையும் இரண்டு ஆண்டுகளுக்கு வழங்கப்படுகின்றன. நாற்பதைக் கடந்தவர்கள் சீனியர் பிரிவில் வருவதால், பெயர்பெற்ற மூத்தவர்களோடு நீங்கள் மோத வேண்டியதில்லை. எனினும் ஜூனியர் பிரிவில் ஆண்டுக்கு 200 இடங்களே இருப்பதாலும், நாடு முழுவதிலுமிருந்து பல துறைக் கலைஞர்கள் அவற்றுக்கு எழுதுவதாலும், நல்ல விண்ணப்பங்கள்கூடத் திரும்பி வரும்.

என்னுடைய முதல் விண்ணப்பமும் அப்படித்தான் திரும்பியது. தோல்பாவைக்கூத்து பற்றிய அந்த ஐந்து பக்க முன்மொழிவை ஓராண்டு கழித்து எடுத்துப் படித்தபோது, கலையின் தொன்மையையும் பெருமையையுமே பக்கம் பக்கமாக எழுதிவிட்டு, நான் செய்யப்போவதைக் கடைசி நான்கு வரிகளில் அடக்கியிருந்தேன் என்பது தெரிந்தது. செலவுப் பட்டியலில் 'இதர செலவுகள் 60,000' என்று ஒரு வரி இருந்தது. அது எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. அடுத்த முறை, மூன்று குடும்பங்களிடம் உள்ள பாவைகளை ஒவ்வொன்றாகப் படமெடுப்பது, கிழிந்த ஆட்டுத்தோலைத் தைத்துச் சாயமேற்றும் முறையைப் பெரியவர் ஒருவரிடமிருந்து பதிவுசெய்வது என்று முதல் பத்தியிலேயே எழுதினேன். பேருந்துக் கட்டணம், ஒளிப்பதிவாளருக்கான தொகை, வேலையை விட்டுவிட்டு எங்களோடு உட்காரும் கலைஞர்களுக்கு நாள் ஊதியம் எனச் செலவையும் பிரித்துக் காட்டினேன். நேர்காணலில் அந்த நாள் ஊதியத்தைப் பற்றியே நெடுநேரம் கேட்டார்கள். கலைஞர்களிடம் முன்பே பேசித்தான் அத்தொகையை எழுதினேன் என்பதை என்னால் விளக்க முடிந்தது. நல்கை கிடைத்தது.

ஆங்கிலம் வராது என்று தயங்குபவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 1995 முதல் நல்கை வழங்கிவரும் பெங்களூரின் இந்தியா ஃபவுண்டேஷன் ஃபார் தி ஆர்ட்ஸ், எந்த இந்திய மொழியிலும் முன்மொழிவை ஏற்கிறது. பிறர் எழுதித்தந்த ஆங்கிலத்தைவிட, தொழில் தெரிந்தவரின் தமிழில் வேலை தெளிவாகத் தெரியும். மறுப்பு வந்தால், காரணத்தைப் பணிவாகக் கேட்டு ஒரு கடிதம் எழுதுங்கள். பதில் வந்தாலும் வராவிட்டாலும், அடுத்த அறிவிப்புக்குள் அந்த முன்மொழிவைத் துறை சாராத ஒருவரிடம் படிக்கக் கொடுத்து, நீங்கள் என்ன செய்யப்போகிறீர்கள் என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.