ஓணானும் ஒரு கடற்பறவையும்

ஐயா, வணக்கம்.

நுண்கடன் எடுத்துச் சிக்கிக்கொண்ட பெண்களைப் பற்றிய ஓர் ஆங்கிலக் கட்டுரையைத் தமிழாக்குகிறேன். கடனை ஓரிடத்தில் கழுத்தில் தொங்கும் அல்பட்ரோஸ் என்றும், இன்னோரிடத்தில் கழுத்தில் கட்டிய திரிகைக்கல் என்றும், கடைசியில் அவள் சுமக்கவேண்டிய சிலுவை என்றும் எழுதியிருக்கிறார்கள். மூன்றுக்கும் 'பெருஞ்சுமை' என்று போட்டுவிடலாமா? தமிழில் இதற்கெல்லாம் சொல் இல்லையா?

ச., கோண்டாவில்

அன்புள்ள தம்பி,

'பெருஞ்சுமை' வேண்டாம். மூன்றும் சுமைதான், ஆனால் அதை ஏற்றிவிட்டது யார் என்பதில் மூன்றும் வேறு வேறு.

அல்பட்ரோஸ், கோல்ரிட்ஜ் 1798இல் வெளியிட்ட ஒரு நீண்ட பாட்டில் வருகிற கடற்பறவை. தென்துருவப் பக்கம் பனிக்கட்டிக்குள் அகப்பட்ட கப்பலுக்குத் துணையாக வந்ததை ஒரு மாலுமி காரணமே இல்லாமல் எய்து கொன்றுவிடுகிறான். அப்புறம் காற்று நின்று, தண்ணீர் இல்லாமல் நா வறண்டபோது, மற்றவர்கள் செத்த பறவையை அவன் கழுத்தில், சிலுவை தொங்கவேண்டிய இடத்தில், மாட்டிவிடுகிறார்கள். பெரிய அல்பட்ரோஸ் சிறகை விரித்தால் 11 அடி வரும். அதைக் கழுத்தில் போட்டுக்கொண்டு தளத்தில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். தான் செய்த பழி, ஊர் பார்க்கத் தொங்குகிறது.

நம்மிடம் இதற்குக் கிட்ட வருவது, வேலியால் போன ஓணானைப் பிடித்து மடிக்குள் விட்ட கதை. ஒரு சொந்தக்காரன் லீசிங்கில் ஓட்டோ எடுக்க நான் பிணைக் கையெழுத்துப் போட்டேன். மூன்றாம் மாதமே ஆள் கட்டுக்காசை நிறுத்திவிட்டான். மாதம் பிறந்தால் ஹெல்மெட்டைக் கழற்றாமலே ஒருவர் படலையைத் தட்டுவார். அம்மா குசினிக்குள் இருந்து, "தம்பி, உன்ர ஓணான் வந்திருக்கு" என்று குரல் கொடுப்பா. ஆனால் ஓணானில் இருப்பது மடத்தனம், பாவம் இல்லை. அந்தப் பெண்களிடம் இரண்டுமே இல்லை. அதனால் அந்த ஆங்கிலச் சொல்லே அங்கே பிழை என்பேன். இப்போது ஆங்கிலக்காரரே பழியை மறந்துவிட்டு, விடாத தொல்லைக்கெல்லாம் அந்தப் பறவையைத்தான் மாட்டுகிறார்கள், அது வேறு கதை.

திரிகைக்கல் மத்தேயு 18இல் வருவது. சிறியவரை இடறச் செய்கிறவனின் கழுத்தில் ஏந்திரக்கல்லைக் கட்டிக் கடலில் அமிழ்த்துவது அவனுக்கு நல்லது என்கிறது பழைய தமிழ் வேதாகமம். மூலமான கிரேக்கத்தில் அது கழுதை சுற்றுகிற பெரிய கல், நாங்கள் பயறு உடைக்கிற திரிகை இல்லை. சரி, அது சின்ன விசயம். கல்லோடு கட்டிக் கடலில் போட்டார்கள் என்றால் தேவாரம் படித்த எங்கள் பிள்ளைகளுக்கு அப்பர்தான் நினைவுக்கு வருவார். அவருக்கு அந்தக் கல்லே தெப்பமாகிக் கரை சேர்த்தது. நீங்கள் அமிழ்கிற கல்லை எழுத, வாசிக்கிறவர் மிதக்கிற கல்லைக் காண்பார். 'வட்டி ஆளை அமிழ்த்துகிறது' என்றால் போதும்.

சிலுவையை அப்படியே விடுங்கள். திருநீறு பூசிக்கொண்டே "அவவுக்கு அது ஒரு சிலுவை" என்று சொல்கிற ஊர் இது.

தமிழில் சொல் உண்டு. ஆனால் அது கழுத்தில் தொங்காது, பஞ்சாங்கத்தில் இருக்கும். சனி சூரியனைச் சுற்றிவர ஏறத்தாழ 29.5 ஆண்டுகள். இராசிக்கு இரண்டரை ஆண்டுக் கணக்கில், பிறந்த இராசிக்கு முன்னதும் அதுவும் பின்னதும் சேர்ந்தால் ஏழரை. பிடிக்கும், பிறகு விடும். என் பெரியம்மா புரட்டாதிச் சனிக்கு எள்ளெண்ணெய் எரித்துவிட்டு வந்து, "இன்னும் ஒண்டரை வருசம்" என்று எனக்குக் கணக்குச் சொல்லுவா. லீசிங் அதற்கு முதலே முடிந்துவிட்டது.

இன்னொன்று. அந்தப் பெண்கள் கட்டுரையாளரிடம் ஆங்கிலத்தில் கதைத்திருக்க மாட்டார்கள். 'பட்ட காலிலேயே படுது', 'மரத்தால விழுந்தவளை மாடேறி மிதிச்ச மாதிரி' என்று ஏதோ சொல்லியிருப்பார்கள், அதுதான் அங்கே பறவையாகவும் கல்லாகவும் போயிருக்கும். ஒலிப்பதிவு இருக்கிறதா என்று கட்டுரையாளரிடம் முதலில் கேளுங்கள்.