‘மேம்படுத்திய’ படகை வாங்கலாமா?

கேள்வி: மகளுக்காகப் பழைய ஐ.எல்.சி.ஏ. 6 பாய்மரப் படகைக் கடையில் வாங்கினேன். “போட்டிக்குத் தயார், எல்லாம் மேம்படுத்தியது” என்றார்கள். பந்தயத்துக்கு முந்தைய சோதனையில், மேல்தளத்தில் கூடுதலாகத் திருகியிருந்த இரண்டு கிளீட்டுகளை (கயிற்றைக் கவ்விப் பிடிக்கும் பிடிகள்) காட்டி நிறுத்திவிட்டார்கள். பணம் போனதுதானா?
– தந்தை, பாயான் பாரு

பதில்: போகவில்லை. ஏமாற்றப்பட்டவர் நீங்கள், கூச்சப்பட வேண்டியது அந்தக் கடை.

முன்பு லேசர் என்று அழைக்கப்பட்ட இந்தப் படகின் விதிகளுக்கு அடித்தளம் ஒன்றுதான்: அனுமதி உண்டு என்று எழுதப்படாத எதுவும் தடை. பாகத்தின் வகையை மட்டுமல்ல, அது இருக்கும் இடத்தையும் மாற்றக் கூடாது. பாய்க் கயிற்றுக்கான நடுக் கப்பியைக் கழற்றி, அதே இடத்தில் ராட்செட் கப்பி (ஒரு திசையில் மட்டும் எளிதாகச் சுழல்வது) பூட்டலாம். அதையே ஒரு சாண் தள்ளிப் பூட்டினால் படகு தகுதியிழக்கும். பக்கத் தளத்துக் கிளீட்டுகளுக்கும் விதிநூலின் படங்கள் குறிக்கும் இடம்தான். எல்லாரும் ஒரே படகில் ஏறினால்தான் வெல்வது கை, பணப்பை அல்ல. சம்பளத்தில் மிச்சம் பிடித்துப் பிள்ளைக்குப் படகு வாங்கும் குடும்பங்களுக்கு இந்த விதிதான் காவல். அதைக் குலைத்த படகுக்கு ‘மேம்படுத்தியது’ என்று கூடுதல் விலை கேட்கும் வியாபாரியைப் பார்த்தால் எனக்கு இரத்தம் கொதிக்கிறது.

திருகைச் சுற்றிப் பழுப்புக் கறை இருக்கிறதா பாருங்கள். கட்டைவிரலால் அழுத்தினால் தளம் அமுங்குகிறதா? அமுங்கினால் உள்ளே நீர் இறங்கியிருக்கலாம். எல்லாவற்றையும் படமெடுத்த பிறகே கிளீட்டைக் கழற்றி, துளையை எபாக்சிப் பசையால் அடையுங்கள். அது போதுமா என்று, படகு விதிப்படி இருக்கிறதா எனச் சோதிக்கும் அளவீட்டாளரிடம் எழுத்தில் கேளுங்கள்.

போட்டிக்கு என்று சொல்லி வாங்கிய பொருள் போட்டிக்கு உதவ வேண்டும் என்கிறது 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம். கடை மறுத்தால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்துக்குப் போங்கள். கட்டணம் 5 ரிங்கிட், கோரும் தொகைக்கு வரம்பு 50,000 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை.

கேள்வி: இணையத்தில் ‘316’ எனும் துரு எதிர்க்கும் எஃகுவகைக் கொக்கிகள் பாதி விலைக்குக் கிடைக்கின்றன. வாங்கலாமா?
– பட்டர்வொர்த் வாசகர்

பதில்: வேண்டாம். அதே எண் பொறித்த கொக்கிகளை அண்ணன் மகனுக்கு வாங்கிக் கொடுத்தேன். ஒரே மழைக்காலத்தில் துரு பூத்தன. விற்றவர் தொலைபேசியை எடுக்கவே இல்லை.

கேள்வி: முகநூலில் ஒருவரிடம் ஆப்டிமிஸ்ட் எனும் சிறுவர் பாய்மரப் படகு வாங்கினேன். நேரில் பார்க்கவில்லை, அளவீட்டுச் சான்றிதழும் இல்லை. மகனுக்கு இந்த ஆண்டு 16 வயது. என்ன செய்யலாம்?
– கிள்ளான்

பதில்: ஆப்டிமிஸ்ட் வகுப்புப் போட்டிகள் 15 வயது வரைதான். படகைப் பார்க்கவில்லை, சான்றிதழைக் கேட்கவில்லை, வயது விதியைக்கூடப் படிக்கவில்லை! விற்றவர் வியாபாரி இல்லை, தனியாள் என்றால் தீர்ப்பாயமும் உதவாது. சான்றிதழை அவரிடம் கேட்டு வாங்குங்கள். இளைய பிள்ளை உள்ள வீட்டுக்கு, குறையை மறைக்காமல் விற்றுவிடுங்கள்.

கேள்வி: புதிய கப்பி முதல் நாளே உடைந்தது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்ற பலகையைக் கடைக்காரர் காட்டுகிறார்.
– செந்தூல்

பதில்: பலகையால் சட்டம் தரும் உத்தரவாதத்தை நீக்க முடியாது. உடைந்த கப்பியையும் ரசீதையும் பத்திரமாக வையுங்கள். குறையை எழுதிக் கொடுத்து, நகலில் கடைக்காரரின் கையொப்பம் வாங்குங்கள். தீர்ப்பாயத்தில் மனுச் செய்ய மூன்று ஆண்டு அவகாசம் உண்டு. நீங்கள் இந்த வாரமே செய்யுங்கள்.