ஜிடிபி (GTP, மொபைல் நெட்வொர்க்கில் டேட்டாவை டனல் வழியே கொண்டுபோகும் புரோட்டோகால்) கோடில் பிழைச் செய்தி வகையின் பெயரை மாற்றினால் ஏதாவது உடையுமா?

மாற்றுங்கள், தாராளமாக. ஜிடிபி-யூ (பயனர் டேட்டாவுக்கான ஜிடிபி), எஸ்1ஏபி (4ஜி சிக்னலிங் புரோட்டோகால்) இரண்டின் பிழைச் செய்திக்கும் உங்கள் கோடில் 'எரர் இண்டிகேஷன்' என்று ஒரே பெயர் இருப்பதால்தான் கேட்கிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மொபைல் தரநிலைகளை எழுதும் 3ஜிபிபி அமைப்பின் ஆவணங்களிலேயே அப்படித்தான், ஆனால் வேலை வேறு. ஜிடிபி-யூவில், தன்னிடம் இல்லாத டனல் எண்ணுக்கு டேட்டா வந்தால் அனுப்பியவருக்கு அதைத் தெரிவிப்பது. எஸ்1ஏபியில், பேஸ் ஸ்டேஷனுக்கும் எம்எம்இக்கும் (போன்களின் இணைப்பை நிர்வகிக்கும் மைய நோடு) நடுவே வந்த சிக்னலிங் செய்தி கோளாறாக இருந்தால் சொல்வது.

நான் முன்பு வேலை பார்த்த இடத்தில் இரண்டும் ஒரே லாக்கில் விழும். ஒரு நாள் ராத்திரி கேட்வே ரீஸ்டார்ட் ஆகி டனல்கள் எல்லாம் போய்விட்டன, பேஸ் ஸ்டேஷன்களோ பழைய டனலிலேயே டேட்டா அனுப்பிக்கொண்டிருக்க, லாக் முழுக்க 'எரர் இண்டிகேஷன்'. ஷிப்டில் இருந்தவர் எஸ்1ஏபி என்று நினைத்து ரேடியோ டீமை எழுப்பிவிட்டார், அவர்கள் விடியும் வரை டவர் பக்கமே தேடினார்கள். காலையில் நான் நெட்வொர்க்கில் பதிவான பேக்கெட் கேப்சரைத் திறந்தேன். யுடிபி போர்ட் 2152, செய்தி வகை 26, உள்ளே தொலைந்த டனலின் எண்: எல்லாம் ஜிடிபி-யூவின் அடையாளம். அன்றைக்கே ஜிடிபியூ என்று முன்னால் சேர்த்துப் பெயரை மாற்றினேன்.

ஸ்பெக் பெயரைத் தொடக் கூடாது என்று இங்கே சிலர் வருவார்கள். நான் அதை எடுக்கவில்லை, முன்னொட்டு மட்டும்தான் சேர்த்தேன். செய்தி வகையாக எதிர்முனைக்குப் போவது 26 என்ற எண் மட்டுமே, உங்கள் கோடில் அந்த எண்ணுக்கு வைத்த பெயர் (enum) பேக்கெட்டில் போகாது, அதனால் எந்த வெண்டரின் பெட்டியோடும் சிக்கல் வராது. உடைவது வேறு இடத்தில்: லாக்கில் பழைய பெயரைத் தேடும் ஸ்கிரிப்ட், கவுண்டர், அலாரம். அவற்றை முதலில் தேடிப் பட்டியல் எடுங்கள். பழைய பெயரை ஒரு ரிலீஸ் வரை மாற்றுப்பெயராக வைத்திருங்கள், லாக்கில் பெயரோடு எண்ணையும் அச்சிடுங்கள்.

இன்னொன்று. அந்த லாக்கை ராத்திரி மூன்று மணிக்குப் படிப்பவர்களை ஒரு ரிவ்யூவுக்கும் யாரும் கூப்பிட்டதில்லை. அதே வருஷம் அவர்களுடைய ஷிப்ட் அலவன்ஸையும் வெட்டினார்கள், கேட்டதற்குப் பதில்கூட வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறவில்லை. நீங்களாவது அவர்களை ரிவ்யூவில் சேருங்கள், அனுமதி இல்லையென்றால் புதிய லாக் வரி எப்படி இருக்கும் என்று முன்கூட்டியே ஒரு மெயில் போட்டுவிடுங்கள்.